மூத்தவன் பங்கு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பெர்மெத்தை நல்ல மனநிலையில் விட்டுவிட்டு வந்தோம். மழலையர் பள்ளியிலிருந்து ஆள் அனுப்பி, மார்ச் முதல் தேதி சமையலறை வேலைக்குத் திரும்பி வரச் சொல்லியிருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், அவள் கையால் பிசைந்த மாவைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்களே, அதே பள்ளிதான்.

ஆறு மாதமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் ஊசியால் முழங்கையிலும் உள்ளங்கையிலும் இருந்த செதில்கள் உதிர்ந்துவிட்டன. தொத்திறைச்சி போல வீங்கியிருந்த விரல்கள் வடிந்தன. காலையில் எழுந்ததும் கதவுக் குமிழைத் திருக முடிகிறது. சொரியாசிஸும் மூட்டுவாதமும் ஒன்றாகப் பிடித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இந்த வாரத்தை எழுத உட்காரும்போது எனக்குக் கோபம் வருகிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது, படியுங்கள்.

வியாழக்கிழமை. நரின் நகரத்தில் பிப்ரவரிக் குளிர். பெர்மெத்தின் வீட்டில் அன்று விசேஷம். அவளுடைய கணவன் தாலாயின் அண்ணன் ஒரொஸ்பெக்கின் ஒரே மகள் சேசிமுக்குத் தோடு போட மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா தன் கையால் பெண்ணின் காதில் தோட்டைப் போட்டுவிட்டால் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சு முடிந்த மாதிரி. சேசிமின் அம்மா இறந்து நாலு வருடமாகிறது. அதனால் விருந்து ஒரொஸ்பெக்கின் வீட்டில் இல்லாமல், அவனுடைய அம்மா கன்ஷாயிம் இருக்கும் வீட்டில். தாலாய் கடைசி மகன் என்பதால் அம்மா அவனோடு, அதாவது பெர்மெத்தோடு.

விடிந்ததும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து மாவு பிசைய உட்கார்ந்தாள். பெர்மெத் கையைக் கழுவிக்கொண்டு போனபோது கன்ஷாயிம் அவளைத் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்கு விறகு வைக்கச் சொன்னாள். கை நன்றாகத்தானே இருக்கிறது என்று பெர்மெத் விரித்துக் காட்டினாள். இருக்கட்டும், சம்பந்தி வரும் நாளில் எதற்கு வம்பு என்றாள் மாமியார். பெர்மெத் பல்லைக் கடித்துக்கொண்டு விறகு வைத்தாள்.

அன்று ஊசி நாளும்கூட. குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி வெளியே வைத்து, குளிர் போனபின் போட வேண்டும். அவசரப்பட்டு வெந்நீரில் முக்கக் கூடாது, குலுக்கக் கூடாது. தலைநகர் பிஷ்கெக்கில் நர்ஸ் ஒரு ரப்பர் திண்டில் குத்திக் காட்டிச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் பெர்மெத் தாளில் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தாள். வயிறு அல்லது தொடை. போன தடவை குத்திய இடத்தில் இந்தத் தடவை வேண்டாம். செதில் உள்ள தோலில் வேண்டாம். காய்ச்சலோ சளியோ இருந்தால் போடாதே, டாக்டரைக் கேள்.

வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து பெட்டியை எடுத்தாள். பெட்டிக்கு இரண்டு ஊசி. ஒன்றைப் பதினைந்து நாள் முன்னால் போட்டாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பார்வைக்குத் தடித்த பேனா. பக்கவாட்டில் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. உள்ளே மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாகத் தெரிய வேண்டும். போட்டு முடித்தால் மஞ்சள் பட்டை வந்து ஜன்னலை அடைத்துவிடும்.

ஜன்னல் முழுக்க மஞ்சள்.

முதலில் தன்மீதுதான் சந்தேகப்பட்டாள். போட்டு முடித்ததைத் தவறிப்போய்ப் பெட்டியில் வைத்துவிட்டோமா? தீர்ந்த ஊசிகளை அவள் போடுவது சலவைத் திரவம் வந்த தடித்த பிளாஸ்டிக் கேனில். யார் கையிலும் குத்தக் கூடாதே என்று மூடியை இறுக்கி அலமாரியின் உச்சியில் வைத்திருப்பாள். இறக்கிப் பார்த்தாள். போன தடவை போட்டது மேலாகவே கிடந்தது. அப்படியென்றால் இந்த ஊசி வேறு யாருடைய உடம்பிலோ போயிருக்கிறது. மூடியை மறுபடி செருகி, ஒன்றும் நடக்காத மாதிரிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

நேராக மாமியாரிடம் போனாள். மாமியார் மறைக்கவே இல்லை. அதுதான் பெர்மெத்துக்கு அதிகமாக எரிந்தது.

"நான்தான் போட்டேன், ஒரொஸ்பெக்குக்கு" என்றாள் கன்ஷாயிம். "ஞாயித்துக்கிழமை நொண்டிக்கிட்டு வந்தான். பெத்தவ பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"அது என் மருந்து அத்தை."

"இந்த வீட்டுக்குள்ள வந்தது எதுவா இருந்தாலும் மூத்தவன் பங்கு முதல்ல. இறைச்சியில நல்ல எலும்பு யாருக்குப் போவுது? ஆறு மாசமா நீ ஒருத்தியே போட்டுக்கிட்டியே, நான் ஏதாவது கேட்டேனா?"

எங்கே போட்டீர்கள் என்று பெர்மெத் கேட்டாள். முழங்காலில்தான் என்றாள் மாமியார். வலி முழங்காலில் இருக்கும்போது தொடையில் குத்துவானேன்? கம்பளிக் கால்சட்டைக்கு மேலேயே வைத்து அழுத்தியிருக்கிறாள். 'டக்' என்று சத்தம் கேட்டதும் ஒரொஸ்பெக் துள்ளியிருக்கிறான். பாதி மருந்து உள்ளே போயிருக்கும், மீதி கால்சட்டையில். ஆனாலும் மறுநாள் முழங்கால் லேசாகிவிட்டதாம். காலிப் பெட்டியை வீட்டில் வைத்தால் வறுமை வரும் என்று தீர்ந்த ஊசியை அதிலேயே வைத்துவிட்டாளாம். அடுத்த பெட்டி வந்ததும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இதே பெர்மெத் மாமியாரின் ரத்த அழுத்த மாத்திரையில் ஒன்றை எடுத்து விழுங்கியிருந்தால் ஏழு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் திருட்டைவிடப் பெரிய ஒன்று அப்போதுதான் பெர்மெத்தின் நெஞ்சில் இடித்தது. ஒரொஸ்பெக்குக்கு இருமல். இலையுதிர் காலத்தில் மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கியதிலிருந்து இருமுகிறான். சாணப் புகை, மலிவுப் புகையிலை என்று எல்லாரும் பூசி மெழுகிக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஊசி போடுவதற்கு முன் பெர்மெத் மூன்று தடவை பிஷ்கெக்குக்கு அலைந்தாள். நெஞ்சுப் படம், ரத்தம், கையில் குத்திப் பார்க்கும் காசநோய்ச் சோதனை, ஈரல் சோதனை. வலியில் அழுதுகொண்டே, எதற்கு இவ்வளவு என்று டாக்டர் சலீமாவிடம் கேட்டிருக்கிறாள். டாக்டர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. உன் உடம்பின் காவல் நாய் சொந்தக்காரனையே கடிக்கிறது, அதைக் கொஞ்சம் கட்டிப்போடுவதுதான் இந்த மருந்து, கட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குள் திருடன் ஒளிந்திருக்கிறானா என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரொஸ்பெக்கின் வீட்டில் யார் பார்த்தார்கள்?

பெர்மெத் மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தாள். டாக்டர் சலீமா அதிகம் பேசுகிறவர் இல்லை. அவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, தூக்கத்தில் வேர்க்கிறதா என்று கேட்டார். எடை குறைந்திருக்கிறது, மற்றது தெரியாது என்றாள் பெர்மெத்.

"இன்னிக்கே நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்லு. நாளைக்குன்னு தள்ளாதே. இன்னொரு ஊசி அவர் மேல படக்கூடாது. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம், படம் பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. அதுவரைக்கும் சின்னக் குழந்தைங்க பக்கத்துல வேண்டாம். நீயும் தள்ளி நில்லு பெர்மெத். அந்த மருந்து உன் உடம்புலயும் இருக்கு."

தாலாய் பிஷ்கெக்கிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். மூன்றாவது தடவை போனில் கிடைத்தான். கேட்டதும் ஐயோ என்றான். அம்மா செய்தது தப்புதான் என்றான். அப்புறம், இன்றைக்கு ஒருநாள் வாயைத் திறக்காதே, விருந்து முடியட்டும், நாளைக்கு நானே அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். தாலாய் கெட்டவன் இல்லை. மருந்துப் பெட்டியை ஐஸ் பையில் வைத்து மலைப்பாதை முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வருபவன். ஆனால் அம்மா, அண்ணன், மனைவி மூன்று பேரில் யாராவது ஒருத்தர் பொறுத்துப்போக வேண்டுமென்றால் அது எப்போதும் மனைவி என்று அவனுக்கு யாரோ சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஒரொஸ்பெக் வந்தான். பெர்மெத் வாசலுக்கு வெளியிலேயே அவனை நிறுத்தினாள். கல்யாணமான பதினாலு வருடத்தில் கணவனின் அண்ணனை இப்படி வழிமறித்தது இதுவே முதல் தடவை. அவன் முகம் சிவந்திருந்தது. இடுப்பு வாரில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தான்.

"உன் மருந்து சிங்கம்மா" என்றான் சிரித்துக்கொண்டு. "முழங்கால் பிள்ளை மாதிரி மடங்குது. அம்மா சொல்லித்தான் போட்டுக்கிட்டேன், கோவிச்சுக்காதே."

அவள் சிரிக்கவில்லை. டாக்டர் சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து இருக்கிறது, குளிர்காலத்தில் யாருக்கு இல்லை என்றான். தூக்கத்தில் வேர்க்கிறதா என்று கேட்டபோது அவன் சாலையைப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே பதில் வந்துவிட்டது. அது ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் வந்ததல்ல, பனி விழ ஆரம்பித்ததிலிருந்தே இருக்கிறது.

"தெரிஞ்சே இருந்தீங்களா பைகே?"

அண்ணன் முறைக்காரரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். எத்தனை கோபம் இருந்தாலும் அந்த மரியாதை அவள் வாயிலிருந்து போகவில்லை.

"என்ன தெரிஞ்சே?" அவன் குரலைத் தாழ்த்தினான், ஆனால் கோபம் தாழவில்லை. "அந்த ஆஸ்பத்திரி வாசல்ல நான் நின்னா, சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரியும். காசநோய்க்காரன் மகள்னு சொன்னா எவன் கட்டுவான்? தாயில்லாப் பொண்ணு. இன்னிக்கு ஒருநாள் விடு. தோடு ஏறட்டும். நாளைக்கு நீ சொல்ற இடத்துல வந்து படுத்துக்கறேன்."

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டாள். கதவுப் பக்கம் உட்காருங்கள், ஒரே கிண்ணத்தில் யாரோடும் குடிக்காதீர்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள், அதன் பக்கம் போகவே கூடாது. விருந்து முடிந்த நிமிஷம் தாலாயின் வண்டியில் ஏற வேண்டும். சரி என்று அவன் அவளுக்கு வாக்குக் கொடுத்தான்.

இங்கேதான் எனக்கு பெர்மெத்மீதும் கோபம். டாக்டர் இன்றைக்கே என்றார், குழந்தை பக்கத்தில் வேண்டாம் என்றார், நீயும் தள்ளி நில் என்றார். இவள் மதியம் மூன்று மணி வரை தவணை கொடுத்துவிட்டாள். பதினாலு வருடம் மருமகளாக இருந்தவளுக்கு அந்த வழக்கம் ஒரு காலையில் போய்விடாது.

மாப்பிள்ளையின் அம்மா ராயகான் நாலு பெண்களோடு வந்தாள். கூடவே மூன்று வயதுப் பேத்தி. கனமான பெண்மணி, நிதானமான பேச்சு. சேசிமைப் பக்கத்தில் உட்காரவைத்து, முடியை ஒதுக்கி, இரண்டு காதிலும் வெள்ளித் தோட்டைப் போட்டுவிட்டு நெற்றியில் முத்தமிட்டாள். கன்ஷாயிம் மிட்டாயை வாரி இறைத்தாள். தாலாய் அப்போதுதான் வந்து சேர்ந்து, பனிக் காலணியைக் கழற்றியபடியே பெர்மெத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

ஒரொஸ்பெக் சொன்னபடி கதவோரமாகத்தான் உட்கார்ந்தான். ஆனால் பெண்ணின் தகப்பன் கதவோரம் உட்காருவதா? கன்ஷாயிம் எழுந்து வந்து, கையைப் பிடித்து, விருந்தினருக்கு எதிரே மரியாதைக்குரிய இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அவன் பெர்மெத்தைப் பார்த்தான். அவள் தேநீர்க் கெண்டியோடு சமோவார் பக்கத்தில் நின்றிருந்தாள். நின்றே இருந்தாள், அவளால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை.

இறைச்சியும் மாவு இழையும் கலந்த பெரிய தட்டு வந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். தட்டின் அடியில் கடைசிப் பிடி மிஞ்சியது. அந்தக் கடைசிப் பிடியைப் பெரியவர் தன் கையால் திரட்டி இளையவர் வாயில் ஊட்டுவது எங்கள் வழக்கம். வாங்கிக்கொள்கிற பிள்ளைக்கு ஊட்டுகிறவரின் ஆயுளும் நல்ல பேரும் சேரும் என்பார்கள். சம்பந்தமே அப்போதுதான் இறுகும்.

ராயகான் பேத்தியை முன்னால் தள்ளினாள். "போ கண்ணு, பெரியவர் கையால ஒரு வாய் வாங்கிக்கோ."

குழந்தை தவழ்ந்து போய் ஒரொஸ்பெக்கின் முன்னால் மண்டியிட்டு வாயைத் திறந்தது. ஒரொஸ்பெக் அசையவில்லை. அம்மாவைப் பார்த்தான். கன்ஷாயிம் தலையசைத்தாள், ஊட்டு என்று. அவன் கடைசிப் பிடியைத் திரட்டினான். திரட்டும்போதே இருமல் பிடித்துக்கொண்டது. அதே கையின் முதுகில் இருமினான், கால்சட்டையில் துடைத்தான், மறுபடி திரட்டினான்.

பெர்மெத் கெண்டியை வைத்துவிட்டு மூன்று எட்டில் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மணிக்கட்டு கொதித்தது.

"குழந்தையைத் தூக்கிக்கோங்க" என்றாள் ராயகானிடம்.

கையை எடு மருமகளே என்றாள் கன்ஷாயிம். பெர்மெத் எடுக்கவில்லை.

"இவருக்கு மூணு நாளா காய்ச்சல். நாலு மாசமா இருமல். தூங்கும்போது வேர்க்குது. என்னோட மூட்டு ஊசியை எடுத்து இவருக்குப் போட்டிருக்காங்க. நெஞ்சுல ஏதாவது இருந்தா அந்த மருந்து அதைக் கிளப்பிவிடும். இன்னிக்கே படம் எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. காலையிலயே சொல்லிட்டாங்க. நான்தான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கன்ஷாயிம் சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். இவளுக்குத் தோல் வியாதி, அது புத்திக்கும் ஏறிவிட்டது, நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள்.

அப்போதுதான் பெர்மெத்தின் பொறுமை உடைந்தது.

"என் தோல் யாருக்கும் ஒட்டாது அத்தை. ஒட்டாதுன்னு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க, உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன். அப்புறமும் எனக்குத் தனிக் கிண்ணம் வெச்சீங்க. நான் பிசைஞ்ச மாவை மாட்டுக்குப் போட்டீங்க. இன்னிக்குக் காலையிலகூட என் கை ஆகலை. என் கை ஆகாது, என் மருந்து மட்டும் உங்க மகனுக்கு ஆகுமா? ஒட்டாத வியாதியை மூடி மூடி வெச்சு என்னைக் கொன்னீங்க. இப்ப ஒட்டுற வியாதியா இருந்தா, அதைக் கொண்டுபோய்க் குழந்தை வாயில வைக்கச் சொல்றீங்க."

தாலாய் அவள் பேரைச் சொன்னான், அதட்டலாகவா கெஞ்சலாகவா என்று அவனுக்கே தெரியாத குரலில். அவள் திரும்பவில்லை.

சேசிம் எழுந்தாள். இருபது வயது, அதிர்ந்து பேசாத பெண். இந்தக் கதையில் இதுவரை அவள் வாயிலிருந்து நாம் கேட்டதெல்லாம் 'சரி'தான். அப்பாவின் முன்னால் வந்து குனிந்தாள்.

"நனைஞ்ச சட்டையை அடுப்புக்குப் பின்னால ஒளிச்சு வெக்கிறீங்க. துவைக்கிறது நான்தானே அப்பா. எனக்குத் தெரியும். நீங்க சொல்வீங்கன்னு காத்திருந்தேன்."

"உனக்காகத்தான்மா" என்றான் ஒரொஸ்பெக். கையில் இன்னும் அந்தப் பிடி இருந்தது.

"அம்மாவும் உனக்காகத்தான்னு சொல்லிச் சொல்லித்தான் வலியை மறைச்சாங்க. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப டாக்டருங்க என்ன சொன்னாங்க? ஆறு மாசம் முன்னாடி வந்திருக்கணும்னு சொன்னாங்க. எனக்குத் தோடு வேண்டாம். நீங்க வேணும்."

இரண்டு காதிலிருந்தும் தோட்டைக் கழற்றினாள். புதுத் துளை இல்லை என்றாலும் அவசரமாக இழுத்ததில் ஒரு காது கன்றிவிட்டது. ராயகானின் முன்னால் விரிப்பின்மேல் தோட்டை வைத்தாள்.

"படம் பாத்துட்டு வர்றோம். அப்புறமும் உங்களுக்கு இஷ்டம்னா போடுங்க. இல்லைன்னா நான் வருத்தப்பட மாட்டேன்" என்றாள். பொய்தான். அவளுக்கு அந்தப் பையனை எவ்வளவு பிடிக்கும் என்று ஏழாவது அத்தியாயம் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரொஸ்பெக் கையில் இருந்ததைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தான். யாரையும் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டான். தாலாய் வண்டிச் சாவியை எடுத்தான். அந்த ஒன்றை மட்டும் அவனுடைய நல்ல கணக்கில் எழுதிக்கொள்வோம். ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டு, அவர் வாயில் துணியைக் கட்டச் சொல் என்று பெர்மெத் பின்னாலேயே ஓடிச் சொன்னாள்.

விருந்தினர்கள் தேநீரை முடிக்கவில்லை. ராயகான் பேத்தியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, போய்வருகிறோம் என்று பொதுவாகச் சொன்னாள். கட்டிவைத்திருந்த இறைச்சிப் பொட்டலங்களை எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டையும் எடுக்கவில்லை. அது மறதியா, நம்பிக்கையா, தொடப் பிடிக்காததா? அந்த முகத்தில் பெர்மெத்தால் எதையும் படிக்க முடியவில்லை.

வாசல் சாத்தியதும் கன்ஷாயிம் ஆரம்பித்தாள். குலத்தைக் கெடுத்தவள் என்றாள். அந்தப் பெண்ணுக்கு இனி எந்த வீட்டிலும் தோடு ஏறாது, அந்தப் பாவம் உன் தலையில்தான் என்றாள். பெர்மெத் தட்டுகளைக் கொதிக்கும் நீரில் போட்டாள். ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். குளிர் உள்ளே அடித்தது. மாமியார் சாத்தினாள், அவள் மறுபடி திறந்தாள். அப்புறம் மாமியார் சாத்தவில்லை.

ஐந்து மணிக்குப் போன் வந்தது. தாலாயின் குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

வலது நுரையீரலின் மேல்பாகத்தில் நிழல் தெரிகிறதாம். புதிதாக வந்ததல்ல, மாதக்கணக்காக இருந்திருக்க வேண்டும் என்றார்களாம். ஊசி போட்ட விஷயத்தைச் சொன்னதும் அங்கிருந்த டாக்டர் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாராம். தனி அறையில் வைத்துக்கொண்டார்கள். சளியைச் சோதித்துவிட்டுத்தான் உறுதியாகச் சொல்வார்கள், ஆனால் எல்லாரும் முகமூடி போட்டுக்கொண்டுதான் பேசுகிறார்கள். இது குணமாகிற நோய்தான், மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும், இன்னும் இரண்டு ஊசி போயிருந்தால் என்னிடம் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

தாலாய் அதற்குமேல் தயங்கினான்.

"வீட்டுல இருக்கிற எல்லாரும் சோதிச்சுக்கணுமாம். உன்னைத்தான் முதல்ல வரச் சொன்னாங்க. முடிவு வர்ற வரைக்கும் நீ ஊசி போட்டுக்கக் கூடாதாம் பெர்மெத். ஒருவேளை உனக்கும் இருந்தா… அதுக்கு மருந்து சாப்பிட்டு முடிச்சப்புறம்தானாம், எத்தனை மாசம்னு இப்ப சொல்ல முடியாதாம்."

அவள் சரி என்றாள். மார்ச் முதல் தேதிக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. அந்தத் தேதியைப் பற்றி அவனிடம் எதுவும் பேசவில்லை. அண்ணனுக்கு வெந்நீரும் மாற்றுச் சட்டையும் வாங்கிக் கொடு, சேசிமைத் தனியாக விடாதே என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

திரும்பினால் கன்ஷாயிம் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். தலைத்துணி ஒருபக்கம் சரிந்திருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை.

"என் கையாலயா?" என்றாள். "என் பிள்ளைக்கு என் கையாலயா?"

இந்த வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. இல்லை அத்தை, உங்கள்மேல் தப்பே இல்லை, நடப்பது நடக்கும் என்று சொல்லி, தோளைப் பிடித்து உட்காரவைத்து, தேநீர் ஊற்றிக் கொடுக்க வேண்டும். பதினாலு வருடமாக பெர்மெத் சொல்லிவந்த பதில் அது. நாக்கு நுனி வரை வந்தும் விட்டது.

"நோய் உங்க கையால வரலை" என்றாள். "அது முன்னாடியே இருந்திருக்கு. ஊசி உங்க கையால போச்சு. சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். காலையில நான் வாயைத் திறந்திருந்தாலும் போயிருக்கலாம். அது என் பங்கு, நான் எடுத்துக்கறேன். மத்ததை நீங்க எடுத்துக்கோங்க அத்தை."

கன்ஷாயிம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். பெர்மெத் அவளைத் தூக்கிவிடவில்லை. அலமாரியைத் திறந்து, நாளைக்குத் தானும் மாமியாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கான காகிதங்களைத் தேட ஆரம்பித்தாள்.